சிக்குன்குனியாவுக்குப் பிறகும் தீராத மூட்டுவலி: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. முடிவுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: தென்காசி வாசகி

என் அம்மாவுக்கு வயது 58. நான்கு மாதங்களுக்கு முன்பு கடுமையான காய்ச்சலும் உடம்பெங்கும் தடிப்பும் வந்தன, அண்மைத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பரிசோதனையில் சிக்குன்குனியா என்று உறுதியானது. காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் இறங்கிவிட்டது. ஆனால் மணிக்கட்டிலும் விரல் கணுக்களிலும் கணுக்காலிலும் பிடித்த வலி இன்றுவரை விட்டபாடில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்குவது ஒருபுறம் இருக்கட்டும், பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை அழுத்துவதற்கே அவர் இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறார்.

முதல் முறை எடுத்த இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். 44, சி.ஆர்.பி. 0.7, முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ் என்று வந்தது. பார்த்த மருத்துவர், இரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, வயதுக்கேற்ற தேய்மானம்தான் என்று சொல்லி, காகிதப் பொட்டலத்தில் மாத்திரைகள் கொடுத்தார். அவற்றைச் சாப்பிட்ட நாள்களில் வலி அடியோடு போய்விட்டது. மாத்திரை தீர்ந்ததும் பழையபடி திரும்பிவிட்டது. அண்மையில் வேறோர் ஆய்வகத்தில் எடுத்தபோது இ.எஸ்.ஆர். 40, சி.ஆர்.பி. 6, ஹீமோகுளோபின் 9.6. யூரிக் அமிலம், சர்க்கரை, தைராய்டு மூன்றும் சரியாக உள்ளன.

சி.ஆர்.பி. 0.7-இலிருந்து 6-க்கு உயர்ந்திருப்பதைப் பார்த்து அம்மா மிகவும் பயந்துபோயிருக்கிறார். அதே ஆய்வகத்தில், வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்தைய அழற்சியைக் கண்டறிய இன்டர்லியூக்கின்-6 (அழற்சிச் சமிக்ஞைப் புரதம்), ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), டி-டைமர் (இரத்த உறைவைக் காட்டும் சோதனை) ஆகியவை அடங்கிய ஒரு தொகுப்பு இருப்பதாகவும் அதை எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய். செலவைவிட, இதனால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்பதுதான் என் கேள்வி. இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஆய்வக உயிர்வேதியியலர், திருச்சி

சகோதரி, முதலில் அந்த சி.ஆர்.பி. எண்ணைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், வேறு சில ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு உண்டு. முதல் அறிக்கையில் டெசிலிட்டர் கணக்கில் 0.7 என்றிருந்தால் அது லிட்டர் கணக்கில் 7 ஆகும். அப்படியானால் அம்மாவின் அளவு 7-இலிருந்து 6-க்கு வந்திருக்கிறது; நடைமுறையில் அது மாறவேயில்லை என்றுதான் பொருள். ஆய்வகம் மாறும்போதெல்லாம் அலகையும் அதற்கு எதிரே உள்ள இயல்பு வரம்பையும் சேர்த்துப் படிப்பது அவசியம். முடிந்தால் தொடர் பரிசோதனைகளை ஒரே இடத்தில் எடுப்பது அதைவிட நல்லது.

இந்த இரண்டு சோதனைகளும் உண்மையில் எதை அளக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோகாக்கஸ் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதை முதலில் கண்டார்கள். உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டு, அங்கிருந்து இன்டர்லியூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் போதிய அளவில் இரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டினால்தான் சி.ஆர்.பி. உயரும். ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாள்களில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே அது அந்த ஓரிரு நாள்களின் நிலையைத்தான் காட்டும்.

இ.எஸ்.ஆர். வேறு வகை. உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த இரத்தத்தை 200 மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிறத் திரவம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் குறிப்பதுதான் நாங்கள் செய்யும் வேலை. இன்று பல இடங்களில் இதை இயந்திரம் செய்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும்போது சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு விரைவாகக் கீழிறங்கும். ஆனால் குழாய் சற்றே சாய்ந்திருந்தாலும் எண் ஏறிவிடும். அறை மிகவும் வெப்பமாக இருந்தாலும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தசோகை இருந்தால் அழற்சி இல்லாமலேயே இ.எஸ்.ஆர். உயரும்.

வயது கூடக்கூட இயல்பு வரம்பும் கூடுகிறது. பெண்களுக்கு, வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவதை ஏறக்குறைய மேல் வரம்பாகக் கொள்ளும் ஒரு பழைய கணக்கு உண்டு. 58 வயதுக்கு அது 34. ஹீமோகுளோபின் 9.6 ஆக இருக்கும், அதாவது இரத்தசோகை உள்ள ஒருவருக்கு 40 என்று வருவதை வைத்துக்கொண்டு, அழற்சி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த 9.6-க்குக் காரணம் என்ன என்பதுதான் உங்கள் அறிக்கையில் உடனடியாகக் கவனிக்க வேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

தொகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இன்டர்லியூக்கின்-6 மிகக் குறைந்த அளவில் இருக்கும் பொருள். பகலுக்கும் இரவுக்கும் இடையே அதன் அளவு மாறும், உடற்பருமன் இருந்தால் கூடும், இரத்தம் எடுத்த பிறகு பிரிக்கத் தாமதமானாலும் மாறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும் நோயாளியிடம் அது நூற்றுக்கணக்கில் ஏறும்போது அதற்குப் பொருள் உண்டு. வீட்டிலிருந்து நடந்து வந்து இரத்தம் கொடுப்பவரிடம் 4 என்றோ 9 என்றோ வந்தால், அந்த வேறுபாட்டைக் கொண்டு எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ முடியாது. நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன்தான். ஆனாலும் இந்தத் தொகுப்பு உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஃபெரிட்டின் மட்டும் தனியாக எடுங்கள், அதுவும் இரும்புச்சத்துக் குறைவைப் பார்ப்பதற்காக. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து இரும்புக் குறைவை மறைத்துவிடக்கூடும் என்பதால், டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எந்த அளவுக்கு இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பதை) சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: மூட்டுநோய் மருத்துவர், மதுரை

மேலே திருச்சி நண்பர் சொன்னது முழுக்கச் சரி. நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டிலிருந்துதான் வருகிறது. மணிக்கட்டு, விரல் கணு போன்ற சிறிய மூட்டுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தசைநாண் உறைகளிலும் அழற்சி தங்கியிருக்கும்போது, அங்கே உற்பத்தியாகும் இன்டர்லியூக்கின்-6 அந்த இடத்துக்குள்ளேயே வேலை செய்கிறது. கல்லீரலைத் தூண்டும் அளவுக்கு அது இரத்தத்தில் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று மாதங்களைத் தாண்டிய சிக்குன்குனியா மூட்டுவாதத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ இருப்பது நாங்கள் அன்றாடம் காண்பது. ஆர்.ஏ. ஃபாக்டரும், முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருள் சோதனையும் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம், என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கைகள் இரண்டையும்விட அதிகம் பேசுகிறது. தேய்மான வலியில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும். அது மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒரே வாரத்தில் வந்து பிடிப்பதுமில்லை.

இது நமக்குப் புதிய நோயுமல்ல. 1964-இலேயே சென்னையில் இலட்சக்கணக்கானோரைச் சிக்குன்குனியா தாக்கியது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ மறைந்திருந்து, 2005-இன் இறுதியில் திரும்பி வந்தது. 2006-இல் இந்தியா முழுவதும் பதிவான சந்தேக நோயாளிகள் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேர். அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் வந்தது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மூட்டுவலி நீடிப்பதை விரிவாக ஆராயும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது.

அந்த ஆய்வுகளில் ஒன்று 2010-இல் வெளிவந்தது. வலி நீடித்த ஒரு நோயாளியின் மூட்டு உட்சவ்வில், நோய் வந்து 18 மாதங்களுக்குப் பிறகும் வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் இருப்பதைக் கண்டார்கள். இதற்கு மாறாக, கொலம்பியாவில் நோய் வந்து 22 மாதங்கள் ஆன 38 நோயாளிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டவர்கள், மூட்டுத் திரவத்தில் வைரஸ் எதையும் காணவில்லை. ஒன்று சவ்வு, மற்றொன்று திரவம் என்பதால் இரண்டும் நேருக்கு நேர் மோதும் முடிவுகள் என்று சொல்ல முடியாது. வைரஸின் எச்சம் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறதா, அல்லது வைரஸ் போன பிறகும் நோயெதிர்ப்பு மண்டலம் அடங்க மறுக்கிறதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. சிங்கப்பூரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வலி நீடித்தவர்களின் இரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6 கூடுதலாக இருந்தது. ஆனால் அப்படி வலி நீடித்தவர்கள் அதில் மிகச் சிலரே. ஒரு குழுவின் சராசரி இன்னொரு குழுவின் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பது ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும். தனி ஒருவரின் எண்ணை வைத்து அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று அதனால் சொல்லிவிட முடியாது.

அம்மாவை ஒரு மூட்டுநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு விரல் கணுவையும் தம் இரு விரல்களால் அழுத்திப் பார்ப்பது. வீங்கிய சவ்வு, எலும்பின் கடினம் இல்லாமல் மெத்தென்று விரலில் படும். வலியால் நோயாளியின் முகம் சுருங்கும். அதில் ஐயம் இருந்தால் மணிக்கட்டுக்கும் கைக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம். நீங்கள் சொல்லும் தொகுப்புக்கு ஆகும் பணத்தை அந்த ஸ்கேனுக்கும் ஆன்டி சி.சி.பி. பரிசோதனைக்கும் செலவிடுங்கள். ஆன்டி சி.சி.பி. மிக உயர்ந்த அளவில் வந்தால், இது வைரஸுக்குப் பின் வெளிப்பட்ட முடக்குவாதமாக இருக்கக்கூடும். அதன் சிகிச்சையும் கண்காணிப்பும் நீண்ட காலத்துக்குரியவை. ஆகவே அந்த ஒரு சோதனையால் உண்மையிலேயே முடிவு மாறும்.

மறுமொழி 3: செவிலியர், லண்டன்

வணக்கம். எனக்கு வந்தது சிக்குன்குனியா அல்ல, கொரோனா. ஆனால் உங்கள் அம்மாவிடம் சொல்லப்பட்ட அதே வார்த்தைகள் எனக்கும் சொல்லப்பட்டதால் எழுதுகிறேன். பணியிடத்தில் தொற்றி, வீட்டிலேயே குணமானேன். அதன் பிறகு ஒரு மாடி ஏறினால் மறுநாள் முழுவதும் எழ முடியாத சோர்வும், படித்த வரியை மீண்டும் படித்தாலும் மனத்தில் நிற்காத மந்தமும் மாதக்கணக்கில் நீடித்தன. எடுத்த ஒவ்வொரு முறையும் சி.ஆர்.பி. இயல்பாகவே இருந்தது. ஒவ்வொரு இயல்பான அறிக்கைக்குப் பிறகும் என்னை நம்புகிறவர்கள் ஒருவர் குறைந்ததுபோல் உணர்ந்தேன்.

அமெரிக்காவில் ரெக்கவர் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2024-இல் வெளிவந்தது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவர்களிடம் வழக்கமான 25 ஆய்வகப் பரிசோதனைகளைச் செய்து, கொரோனாவுக்குப் பிறகு தொல்லை நீடிப்பவர்களை அவற்றால் அடையாளம் காண முடியுமா என்று பார்த்தார்கள். நடைமுறைக்கு உதவும் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. இதைப் படித்த சிலர், அப்படியானால் நோயே இல்லை என்று பேசினார்கள். எனக்கு அந்த வாதம் மிகுந்த வேதனையைத் தந்தது. ஏனென்றால் அதே ஆண்டில், பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் திரும்பிய 657 பேரை ஆராய்ந்த குழு, வழக்கமான சோதனைகளில் இல்லாத நூற்றுக்கணக்கான புரதங்களை அளந்து, தொல்லை நீடித்தவர்களிடம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் சில பிரிவுகள் தூண்டப்பட்ட நிலையிலேயே இருப்பதைக் காட்டியது. சோர்வு மிகுந்தவர்களிடம் ஒரு வகைப் புரதங்கள், வயிற்றுத் தொல்லை உள்ளவர்களிடம் வேறு வகை என்று அவை பிரிந்தும் கிடந்தன. ஆய்வகம் தேடத் தெரிந்ததைத்தான் தேடும். சி.ஆர்.பி. என்ற ஒரே புரதம் அமைதியாக இருப்பதால் உடம்பு முழுவதும் அமைதியாக இருக்கிறது என்று எவரும் முடிவுகட்டக் கூடாது.

கொரோனாவுக்கு முன்பே இதைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரைச் சுற்றியுள்ள பகுதியில், மூன்று வெவ்வேறு தொற்றுகளுக்கு உள்ளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குனியா சேர்ந்த அதே ஆல்ஃபாவைரஸ் இனத்தைச் சேர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பிறகும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சோர்வும் வலியும் நீங்கவில்லை. எந்தத் தொற்றாக இருந்தாலும் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. யாருக்கு நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது, தொடக்க நோயின் கடுமைதான். முன்பிருந்த மனநிலை அதைக் காட்டவில்லை. "மனசுதான் காரணம்" என்று யாராவது அம்மாவிடம் சொன்னால், இந்த ஆய்வு அவருக்குத் துணையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அம்மாவுக்கு மூட்டு வலியோடு, சிறிது வேலை செய்தாலும் அடுத்த நாள் விழுந்துபோகும் சோர்வும் இருக்கிறதா? இருந்தால், வலியைப் பொருட்படுத்தாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கச் சொல்லும் அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி, வேலையையும் ஓய்வையும் அவர் உடம்பு தாங்கும் அளவுக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மறுமொழி 4: பொது மருத்துவர், நாகர்கோவில்

மேலே மூவரும் எழுதியதைப் படித்துவிட்டு, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எடுப்பதே வீண் என்ற எண்ணத்துடன் யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். வைரஸுக்குப் பிந்தைய வலியை இந்தச் சோதனைகள் நிரூபிக்காது என்பது உண்மை. ஆனால் வைரஸுக்குப் பிந்தைய வலி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றாக இருந்தால், அதை எச்சரிக்கும் வேலையை இவை நன்றாகவே செய்கின்றன. சிக்குன்குனியா வந்துபோன ஒருவருக்கு இ.எஸ்.ஆர். 100-ஐத் தாண்டினாலோ, சி.ஆர்.பி. மாதக்கணக்கில் வெகுவாக உயர்ந்தே இருந்தாலோ, அதைச் சிக்குன்குனியாவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காசநோய், இரத்தப் புற்று, மறைந்திருக்கும் சீழ்க்கட்டி என்று தேட வேண்டியவை பல உண்டு. மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

என் கவலையெல்லாம் அந்தக் காகிதப் பொட்டல மாத்திரையைப் பற்றியது. சாப்பிட்டவுடன் வலி அடியோடு போய், நிறுத்தியவுடன் திரும்புகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு தானே கெட்ட மருந்து அல்ல. மூட்டுநோய் மருத்துவர்களும் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் திட்டத்துடன் அதைத் தருகிறார்கள். பெயரும் அளவும் தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்குவதுதான் கெடுதல். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் உப்பும், தொற்று எளிதில் வரும். நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்துபோயிருப்பதால் மயக்கமும் இரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும்.

இந்த விவாதத்தின் பொருளோடும் அதற்கு நேரடித் தொடர்பு உண்டு: ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் எடுத்த சி.ஆர்.பி. இயல்பாக வந்தால், அது நோயின் அளவைக் காட்டாது. மருந்தின் வேலையைத்தான் காட்டும். அம்மா அந்த மாத்திரைகளை எந்தெந்த நாள்களில் சாப்பிட்டார், இரத்தம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீதி மாத்திரை ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். 58 வயதில், மாதவிடாய் நின்ற ஒருவருக்கு இரும்புக் குறைவால் இரத்தசோகை என்றால், வலி மாத்திரைகளால் வயிற்றில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிகிறதா என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் நேரடியாகக் கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் ஒழிய இதைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: தென்காசி வாசகி

அனைவருக்கும் நன்றி. அலகு பற்றிச் சொன்னது சரிதான். முதல் அறிக்கையில் டெசிலிட்டர், இரண்டாவதில் லிட்டர். அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் அம்மா நிம்மதியாக உறங்கினார். தொகுப்பை எடுக்கவில்லை.

மூட்டுநோய் மருத்துவரிடம் சென்றுவந்தோம். அவர் இங்கே எழுதியிருந்தபடியே ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். வலது மணிக்கட்டைத் தொட்டதும் அம்மா கையை இழுத்துக்கொண்டார். ஸ்கேனில் மணிக்கட்டின் தசைநாண் உறைகளில் நீர் கோத்திருப்பதும், இரத்த ஓட்டம் கூடியிருப்பதும் தெரிந்தன. ஆன்டி சி.சி.பி. நெகட்டிவ். ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் மிகக் குறைவு. கறுப்பு மலம் பற்றிக் கேட்டபோது, வலி மாத்திரை சாப்பிட்ட வாரங்களில் அப்படி இருந்ததாக அம்மா சொன்னார். வயிற்று எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வலி மாத்திரைகளை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஹைட்ராக்ஸிக்குளோரோகுயின் தொடங்கியிருக்கிறார்கள், போதிய பலன் இல்லையென்றால் மெத்தோட்ரெக்ஸேட் சேர்க்கலாம் என்கிறார்கள். முடக்குவாதம் இல்லை என்று சோதனை சொல்லும்போது முடக்குவாத மருந்து எதற்கு என்று அம்மா கேட்கிறார். இந்த மருந்துகள் ஆபத்தானவை என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். இனி சி.ஆர்.பி.யை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

மறுமொழி 5: மூட்டுநோய் மருத்துவர், மதுரை

எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதைக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது அதுதான்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இந்த மருந்துகள் ஒரு நோயின் பெயருக்கு உரியவை அல்ல. மூட்டுச் சவ்வில் அடங்காமல் நிற்கும் நோயெதிர்ப்பு அணுக்களின் வேகத்தைத் தணிப்பவை. தூண்டியது வைரஸாக இருந்தாலும் தணிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். கோழிக்கோட்டில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நீடித்த சிக்குன்குனியா மூட்டுவாதம் உள்ளவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹைட்ராக்ஸிக்குளோரோகுயின் மட்டும், மற்றொரு குழுவுக்கு அதனுடன் மெத்தோட்ரெக்ஸேட்டும் சல்ஃபாசலசைனும் கொடுத்து 24 வாரங்கள் கவனித்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலியும் செயல்திறனும் கூடுதலாகச் சீரடைந்தன. யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த சிறிய ஆய்வு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் நம் பக்கத்து மாநிலத்தில், நம் நோயாளிகளைப் போன்றவர்களிடமே செய்யப்பட்டது என்பதால் நான் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படுவதில்லை. ஒன்றில் தொடங்கிப் பார்ப்பது நல்ல முறையே.

ஹைட்ராக்ஸிக்குளோரோகுயினின் நாள் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். மருந்தின் பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். இரண்டு வாரத்தில் பயனில்லை என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலர் மறுபடியும் பொட்டல மாத்திரைக்கே போகிறார்கள்.

சி.ஆர்.பி.யை நாள் கணக்கு வைத்து எடுக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் அது தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய இயல்பாக இருப்பதால், சிகிச்சையால் அது குறைகிறதா என்று பார்ப்பதில் பொருளில்லை. அதற்குப் பதிலாக, காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பதையும், அந்தக் கத்தரிக்கோலை ஒரு கையால் அழுத்த முடிகிறதா என்பதையும் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவர் தம் விரலாலும் தேவையானால் ஸ்கேனாலும் மீண்டும் பார்ப்பார். புதிதாகக் காய்ச்சலோ எடை இழப்போ வந்தால் மட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் உடனே எடுங்கள்.

பின்னாளில் மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால், தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள், மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் மார்பு எக்ஸ்ரேயையும் முடித்துவிட வேண்டும். பிறகும் இரத்தத்தைக் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். கிழமையின் பெயரை மருந்துச் சீட்டில் தமிழில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை அட்டையை அம்மாவின் மற்ற மருந்துகளோடு வைக்காமல் நீங்களே தனியாக வைத்திருந்து, அந்தக் கிழமையில் மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை வேறொரு நாளில் கொடுக்க வேண்டும்.